அக்கா சொன்ன உதாரண வாக்கியம்

1

என் மகள் நித்யாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எங்கே பிறந்தது, என்னென்ன பொருளில் புழங்கியது, வீட்டு மொழியில் அதற்கு என்ன பெயர் என்றெல்லாம் பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். மற்றப் பிள்ளைகள் கடல், நிலா, ரொட்டி என்று எடுத்தார்களாம். இவள் எடுத்தது 'ஸெல்'. அதாவது விற்பது. ஏன் இந்தச் சொல் என்று கேட்டேன். "உங்க வேலை அதுதானே அப்பா" என்றாள். 'அப்பா'வைத் தவிர மீதி எல்லாம் ஆங்கிலத்தில்.

உண்மைதான். பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஒரு சோபாக் கடையில் நான் விற்பனையாளன். தாம்பரத்தை ஒட்டிய எங்கள் இரும்புலியூரில் இருப்பவர்கள், நான் லண்டனில் ஏதோ ஒரு கம்பெனியில் மேனேஜர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் நினைக்க விட்டேன். இங்கே நான் இருக்கும் இடத்திலிருந்து லண்டன், தாம்பரத்திலிருந்து விழுப்புரத்தையும் தாண்டிப் போகும் தூரம். வருஷத்துக்கு ஒரு தடவை போவேன், பாஸ்போர்ட் வேலை இருந்தால்.

இந்த மாதத்தோடு எங்கள் இரும்புலியூர் வீடு கைமாறி நாலு வருஷம் முடிகிறது. மகள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தபோது எனக்கு அந்தக் கணக்கெல்லாம் ஞாபகம் இல்லை. அப்புறம்தான் வந்தது.

2

அந்தச் சொல்லோடு என் முதல் சண்டை எண்பதுகளின் கடைசியில் நடந்தது. வந்து ஆறு வாரம். வேலை தேடித் தரும் அலுவலகத்தில் ஒரு அம்மாள் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பி.காம் படித்தவன், தாம்பரத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் ஆறு வருஷம் பில் போட்டவன். எல்லாவற்றையும் தாழ்மையோடு எழுதியிருந்தேன். நம்மூரில் அப்படித்தானே எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள், 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று.

"நீ உன்னையே விற்க வேண்டும்" என்றாள்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. தாம்பரம் மார்க்கெட்டில் யாராவது ஒருவனைப் பார்த்து இப்படிச் சொல்லியிருந்தால் அங்கேயே செருப்பு கழன்றிருக்கும். அவளோ அன்பாகத்தான் சொன்னாள். பேனாவை எடுத்து, என் விண்ணப்பத்தில் இருந்த பணிவையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தாள். அடித்து முடித்தபோது அதில் இருந்தவன் எனக்கு யாரென்றே தெரியவில்லை. ஆனால் அவனுக்கு வேலை கிடைத்தது.

பிறகு பழகிவிட்டது. இங்கே யோசனையை விற்கிறார்கள், நம்பிக்கையை விற்கிறார்கள், கடவுளைக்கூட வாசல் மணி அடித்து விற்க வருகிறார்கள். கடை முதலாளி என் முதுகில் தட்டி, "நீ பிறவி விற்பனையாளன்" என்றான் ஒரு நாள். பாராட்டுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கசந்தது.

3

சனிக்கிழமை நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். நித்யா பெரிய அகராதி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து விரித்தாள். நான் ஈரக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இது முதல்ல விக்கறதே இல்ல" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன், அவள் பேசியதாக நான் ஆசைப்படும் தமிழில்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கொடுப்பது என்றுதான் பொருளாம். கையில் இருப்பதை இன்னொருவர் கையில் வைப்பது. பதிலுக்குக் காசு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் அக்காள் தங்கை மொழி ஒன்றில் அதே வேருக்குக் கடவுளுக்குப் படைப்பது என்று அர்த்தமாம். போகப்போகத்தான் காசு உள்ளே நுழைந்திருக்கிறது. காசு வந்த பின்னாலேயே, நம்பியவரைக் காட்டிக்கொடுப்பது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் பின்னால், ஏமாற்றுவது. நித்யா வரிசையாகப் படித்துக்கொண்டே போனாள். படையலில் தொடங்கி ஏமாற்றில் முடிந்தது. அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

வெள்ளைக்காரனுக்கு இது அகராதியில் பார்த்தால்தான் தெரியும். நமக்கு அகராதி வேண்டாம். தாம்பரத்துக்காரர் யாராவது வீட்டை 'வித்துட்டேன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'குடுத்துட்டோம்' என்பார்கள். "அந்த முடிச்சூர் மனையா, அதைப் போன வருஷமே குடுத்துட்டோமே." ஏதோ தானம் பண்ணின மாதிரி. விற்றேன் என்று சொல்ல நமக்குக் கூச்சம். செய்வதில் கூச்சம் கிடையாது.

"தமிழில் ஒரு வாக்கியம் வேண்டும், இந்தச் சொல்லை வைத்து" என்றாள் நித்யா. கடையில் நாள் முழுக்க விற்கிறேன், தமிழில் ஒரு வாக்கியம் வரவில்லை. "அத்தையைக் கேளேன்" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேடினேன்.

4

அத்தை என்றது என் அக்கா சகுந்தலாவை. என்னைவிட ஒன்பது வயது பெரியவள். கிண்டியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்றால், அம்மா பக்கவாதத்தில் ஏழு வருஷம் படுத்திருந்தாள், அந்த ஏழு வருஷமும் நான் இங்கே இருந்தேன். இவ்வளவுதான் காரணம். மற்றதெல்லாம் ஜாதகத்தின் மேல் போட்ட பழி.

இரும்புலியூர் வீடு அப்பா ரயில்வே உத்தியோகத்தில் இருந்தபோது கட்டியது. ரயில் பாதைக்குப் பக்கம். எலெக்ட்ரிக் ட்ரெயின் போனால் பீரோவில் இருக்கும் டம்ளர் எல்லாம் பேசும். பின்னால் இருந்த அறையை அக்கா தன் சம்பளத்தில் கட்டினாள். அம்மா போன மறு வருஷம் நான் மூன்று வாரம் லீவில் வந்தேன். பர்மிங்காம் பக்கத்தில் வாங்க ஒரு வீடு பார்த்து வைத்திருந்தேன். முன்பணம் போதவில்லை. வந்ததே அதற்குத்தான். துக்கத்தில் கூட இருக்க வந்ததாக அக்காவிடம் சொன்னேன்.

புரோக்கர் தேவராஜ் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "தோ பாரு சார், பார்ட்டி ரெடியா கீறாரு. ஆனா ரெண்டு பேர் பங்குன்னா அவரு பேஜாராயிடுவாரு. அக்காவை உன் பேருக்கு விடுதலை எழுதிக் குடுக்கச் சொல்லு. அப்பால ஒரே கையெழுத்து. நீ பாட்டுக்கு பிளேன் ஏறிக்கினு போ."

விடுதலைப் பத்திரம். பெயரைப் பாருங்கள். பெண் தன் பங்கை உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் அது. யாருக்கு விடுதலை என்று பத்திரத்தில் இருக்காது.

நான் அன்று சாயங்காலம் அக்காவிடம் பேசினேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அங்கே வாங்கப்போகும் வீட்டில் மாடியில் அவளுக்கு ஓர் அறை இருக்கிறது, ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கும், ஒரு வருஷத்தில் கூப்பிட்டுக்கொள்வேன், நித்யா அத்தை மடியில் தமிழ் படிப்பாள் என்றேன். எப்படிப் பேசினேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. சோபா விற்கும்போது வரும் குரல் அதே குரல்.

"எனக்குக் குளிர் ஆகாதேடா" என்றாள்.

"ஹீட்டர் இருக்குக்கா."

கொஞ்ச நேரம் உருவிக்கொண்டே இருந்தாள். "சரி, நீ சொன்னா சரிதான்" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன். முதலாளி இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பான்.

5

இதில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரிந்ததுதான், இங்கே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. உடன்பிறந்தவள் கையெழுத்துப் போடும் நாளில் அண்ணனோ தம்பியோ அவளுக்குத் தட்டில் வைத்து ஒரு பட்டுப்புடவை கொடுக்க வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், பூ. புடவை வாங்கிக்கொண்டுதான் அவள் பேனா எடுப்பாள். ஒரு வீட்டில் பாதிக்கு ஒரு புடவை. எல்லோரும் இதை முறை என்கிறார்கள். முறை தவறினால் ஊர் சிரிக்கும்.

நான் முறை தவறவில்லை. வரும்போதே புடவை வாங்கி வந்திருந்தேன். பட்டு இல்லை. இங்கே இந்தியக் கடை ஒன்றில் வாங்கிய ஜப்பான் துணி, மினுமினுவென்று இருக்கும். பட்டு அங்கேயே கிடைக்கும், இது ஃபாரின் ஆயிற்றே, அக்காவுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். வெளிநாட்டுக்குப் போனவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

சார் பதிவாளர் அலுவலகத்தின் வராந்தாவில் பத்திரம் எழுதுபவர் நாலு பக்கத்தையும் அக்காவிடம் நீட்டினார். மற்றவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். அக்கா டைப்பிஸ்ட். முதல் வரியிலிருந்து படித்தாள். இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பு, திருத்தச் சொன்னாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள்.

"யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, என் முழு மனதோடு" என்று கொஞ்சம் உரக்கவே படித்தாள். "இது யாரு சொன்னது?"

"எல்லா பத்திரத்துலயும் வர்றதுதாம்மா" என்றார் எழுதுபவர்.

"டைப் நல்லா இருக்கு" என்றாள் அக்கா.

நான் அவசரமாகத் தட்டை நீட்டினேன். புடவையை எடுத்து மடிப்பைத் தடவிப் பார்த்தாள். உள் மடிப்பில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. 'ஸேல்' என்று கொட்டை எழுத்தில். தள்ளுபடி மேசையில் எடுத்தது, கிழிக்க மறந்துவிட்டேன். தேவராஜ் வேறு பக்கம் பார்த்தார். அக்கா நகத்தால் மெதுவாக, கிழியாமல் அதை உரித்தாள். என் சட்டைப் பையின் மேல் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

"பத்திரமா வச்சுக்கடா ராவி. கடையில கேட்டாலும் கேப்பாங்க."

சின்ன வயதிலிருந்து ரவி என்ற என் பேரை அவள் இழுத்து ராவி என்றுதான் கூப்பிடுவாள், கிண்டல் செய்யும்போது. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு கையெழுத்துப் போட்டாள், கட்டைவிரலில் மை தடவிக்கொண்டாள். மறு வாரம் நான் ஒரே கையெழுத்தில் வீட்டைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

6

ஒரு வருஷம் என்று சொன்னேன் அல்லவா. விசாவுக்கான படிவம் பதினாறு பக்கம் இருந்தது. மனைவிக்குக் கட்டம் உண்டு, பிள்ளைக்கு உண்டு, வயதான பெற்றோருக்கு உண்டு. அக்காவுக்கு இல்லை. கடைசியில் 'இதர உறவினர்' என்று ஒன்று. அவர் தனியாக வாழ இயலாதவர் என்பதற்குச் சான்று இணைக்கவும்.

அக்காவுக்கு எழுதினேன். வேலையை விட்டுவிட்டதாக ஒரு கடிதம், உடம்பு முடியாது என்று டாக்டரிடம் ஒரு கடிதம், இரண்டும் வாங்கி அனுப்பச் சொன்னேன். பதில் ஒரே வரி. 'நான் சம்பாதிக்கிறேன், நல்லா நடக்கிறேன், பொய் எழுத வேண்டாம்.'

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைத்தான் எழுத வேண்டும் என்று இந்தக் குறிப்பையே ஆரம்பித்தேன். அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, நிம்மதி. படிவத்தை மடித்து வைத்தேன். மனைவி மாலதி, "இன்னொரு தடவை முயற்சி பண்ணலாமே" என்றாள். "அவங்களே வேண்டாம்னுட்டாங்களே" என்றேன். மாடி அறையை இன்னும் அத்தை ரூம் என்றுதான் சொல்கிறோம். இஸ்திரிப் பலகையும் நித்யாவின் கீபோர்டும் அங்கே இருக்கின்றன.

அக்கா பெருங்களத்தூரில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறாள். ஓர் அறை, ஒரு தடுப்பு. காலையில் மட்டும் தண்ணீர். கிண்டிக்கு வேலைக்குப் போகப் பெருங்களத்தூரில் ஏறினால், தாம்பரம் வருவதற்குள் ரயில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். வாங்கியவர் இடித்து மூன்று மாடி எழுப்பியிருக்கிறாராம். ஒரு கடிதத்தில் கேட்காமலே எழுதியிருந்தாள்: 'நான் எதிர்ப்பக்கத்து ஜன்னலில்தான் உட்காருகிறேன். அந்தப் பக்கம் வெயிலும் கம்மி.'

7

ஞாயிற்றுக்கிழமை மதியம் நித்யா அத்தைக்குப் போன் போட்டாள். அக்காவிடம் போன் இல்லை, கீழே வீட்டுக்காரர் போன். கூப்பிட்டுவிட்டு ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். நான் சமையலறையில் இருந்தேன். நித்யாவின் பாதிப் பேச்சு மட்டும் கேட்டது. "அத்தே, ஐ நீட் ஒன் வாக்கியம்" என்றாள். அப்புறம் வெகுநேரம் "ம்ம்", "ம்ம்". என்னிடம் போனைத் தரவே இல்லை.

"என்ன சொன்னாங்க?"

"போன்ல எழுத்துச் சொல்ல முடியாதாம். லெட்டர் போடறாங்களாம்."

பத்து நாளில் லெட்டர் வந்தது. செல்வி நித்யா என்று மேலே. அக்கா கையெழுத்தில் என் பெயர் இல்லாமல் இந்த வீட்டுக்கு வந்த முதல் கடிதம் அது. நித்யா மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. அத்தை பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே தாளை வைத்துப் பார்த்து வரைந்தாளாம். மாலதி சொன்னாள். படம் வரைகிற மாதிரி வரைந்திருக்கிறாள், என் அப்பன் பாஷையை.

8

போன வியாழக்கிழமை பெற்றோரை அழைத்திருந்தார்கள். நாலு மணி. கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு, டையைக்கூடக் கழற்றாமல் நான் மட்டும் போனேன். சுவர் முழுக்க அட்டைகள். கடல், நிலா, ரொட்டி. ரொட்டிக்கு முன்னால் நல்ல கூட்டம். நித்யாவின் அட்டை மூலையில் இருந்தது. மேலே படையல், அப்புறம் கொடுத்தல், அப்புறம் காசு, காட்டிக்கொடுத்தல், ஏமாற்று என்று ஏணிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். ஓரத்தில் தங்க நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றை டீச்சர் ஒட்டியிருந்தாள்.

கீழே தமிழ். கோணல் மாணலாக, ஆனால் ஓர் எழுத்துக்கூட விடாமல்.

'என் தம்பி வீட்டை விற்றான். நான் கொடுத்தேன்.'

நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நாலு வருஷமாக எந்தக் கடிதத்திலும் அவள் இதைச் சொல்லவில்லை. பணம் கேட்கவில்லை, அறை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஒரு குழந்தை உதாரணம் கேட்டதும் கொடுத்துவிட்டாள், திருத்தமாக, டைப்பிஸ்ட் ஆயிற்றே. எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் தாண்டி வந்து, என் பெண் கையாலேயே எழுத வைத்து, நான் பாஷை தெரியாதவர்கள் நடுவில் நின்று படிக்கும்படி செய்துவிட்டாளே என்று கோபம்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியுமா?" என்று நித்யாவைத் தமிழில் கேட்டேன்.

"தெரியாது" என்றாள். "அத்தை சொன்னாங்க, அப்பாக்குப் புரியும்னு."

டீச்சர் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்தாள். எழுத்து அழகாக இருக்கிறது என்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது, நீங்கள் சொல்லுங்களேன் என்றாள். அந்தச் சுவருக்கு முன்னால் இருந்த அத்தனை பேரிலும் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கடைக்காரர் பழம் விற்றார் என்று சொன்னால் தலையாட்டிவிட்டு ரொட்டிப் பக்கம் போயிருப்பாள். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

நித்யா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் அக்கா எனக்கு ஒரு வீட்டைக் கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறது" என்றேன்.

"வீட்டையா?" டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எவ்வளவு நல்ல மனசு அவருக்கு. நீங்கள் அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?"

என் சட்டைப் பைக்கு மேல் என் கை தானாகப் போனது. அங்கே கடையின் பெயர் அட்டைதான் இருந்தது.

"ஒரு புடவை" என்றேன்.